டேட்டன்: ஒரு கச்சேரி நகரின் கதை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாநிலங்கள் பெரும்பாலும் 'கவுண்டி' எனப்படும் சிறு நிருவாகப் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு தலையூர் உண்டு. நீதிமன்றம், காணிப் பதிவேடு, வரி அலுவலகம், சிறைக்கூடம் ஆகியவை அங்கேயே இருக்கும். நம் நாட்டிலே உறுதி, வழக்கு, அனுமதிப்பத்திரம் என்று அயற்கிராமத்தவர் கச்சேரி அமைந்த ஊருக்குப் போய்வருவதை நாம் அறிவோம். அங்கும் நிலைமை அதுவே. ஆதலால் இத்தகைய ஊரைக் கச்சேரி நகர் என்று நாம் அழைப்பது பொருந்தும். உலகம் இவ்வூர்களின் பெயரைக் கேட்பதேயில்லை. கேட்க நேர்ந்த ஓர் ஊரின் வரலாற்றையே இங்கே சொல்லப் புகுகிறேன்.

டெனசி மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், சட்டனூகா நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில், ரே கவுண்டி உள்ளது. அதன் தலையூர் டேட்டன். ஆயினும் தொடக்கத்தில் இந்தப் பெருமை டேட்டனுக்கு உரியதாக இருக்கவில்லை. 1807ஆம் ஆண்டில் கவுண்டி அமைக்கப்பட்ட பின்னர், டெனசி ஆற்றையொட்டிய வாஷிங்டன் என்னும் சிற்றூரே நெடுங்காலம் தலையூராக விளங்கிற்று. நாட்டின் தலைநகரோடு பெயரால் மட்டுமே உறவு கொண்ட ஊர் அது. ஆற்றுவழியே பண்டங்கள் சென்ற காலத்தில் அதற்கு மதிப்பிருந்தது. 1880ஆம் ஆண்டளவில் சின்சினாட்டியிலிருந்து தெற்கு நோக்கிப் போடப்பட்ட இருப்புப்பாதை அவ்வூரைத் தொடாமல், மலையடிவாரத்திலிருந்த வேறோர் ஊரின் வழியாகச் சென்றது. முன்னர் 'ஸ்மித்தின் நாற்சந்தி' என வழங்கிய அந்த ஊரே டேட்டன். புகையிரதம் வந்த இடத்துக்கு வணிகம் வந்தது. வணிகத்தின் பின்னே 1890இல் நீதிமன்றமும் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டளவில் எழுந்த செங்கல் நீதிமன்றக் கட்டடம், கோபுரத்துடன் இன்றும் நிற்கிறது. பழைய வாஷிங்டனோ பெயரளவில் எஞ்சிற்று. ஆறு கொடுத்ததைத் தண்டவாளம் பறித்துக்கொண்டது என்பதை டேட்டன் மக்கள் நேரிற் கண்டவர்கள். ஆதலின் தங்கள் ஊருக்கும் அக்கதி நேரலாம் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்திருக்குமாயின் அதில் வியப்பில்லை.

அந்த அச்சம் விரைவிலேயே மெய்யாயிற்று. டேட்டன் வளர்ந்தது நிலக்கரியாலும் இரும்பாலுமாகும். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து முதலாளிகளின் பணத்தைக் கொண்டு அங்கே நிலக்கரி, இரும்புக் கம்பனியொன்று அமைந்தது. அதே காலத்தில் நமது மலைநாட்டிலே கோப்பி அழிந்த நிலத்தில் ஸ்கொட்லாந்துப் பணம் தேயிலை நட்டுக்கொண்டிருந்ததை இங்கே நினைவுகூரலாம். டேட்டனில் ஊதுலைகள் எழுந்தன; மலைக்குள் சுரங்கங்கள் தோண்டப்பட்டன. 1895ஆம் ஆண்டிலும் 1901ஆம் ஆண்டிலும் சுரங்கங்களில் நேர்ந்த வெடிவிபத்துக்கள் பல குடும்பங்களைத் துயரில் ஆழ்த்தின. எனினும் உலை எரிந்தவரை ஊர் வாழ்ந்தது. 1913இல் கம்பனி வீழ்ந்தது. 1890களில் ஏறத்தாழ 3,000 பேர் வாழ்ந்த ஊரில் 1925இல் 1,800 பேர் அளவிலேயே எஞ்சியிருந்தனர். சுற்றுப்புற வயல்களில் விளைந்த ஸ்ட்ரோபரிப் பழம் புகையிரதத்தில் ஏறி வடக்கே போயிற்று. அந்த வருமானம் உலையின் இடத்தை நிரப்பப் போதுமானதாக இல்லை.

டேட்டன் மீது உலகத்தின் கண் விழுந்த ஆண்டு 1925. அதன் காரணத்தைப் பலரும் சமயத்துக்கும் விஞ்ஞானத்துக்குமிடையே மூண்ட போர் என்று சொல்லி முடித்துவிடுவர். அது முழுப் பொய்யன்று. ஆயினும் அப்போர் டேட்டனில் ஏன் நிகழ வேண்டும் என்ற வினாவுக்கு அதில் விடையில்லை. விடை ஒரு மருந்துக்கடையில் இருக்கிறது.

அவ்வாண்டு மார்ச் மாதத்தில் டெனசி மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அதனைக் கொண்டுவந்தவர் பெயரால் அது பட்லர் சட்டம் எனப்பட்டது. பொதுப்பணத்தில் நடைபெறும் பாடசாலைகளில், மனிதன் தாழ்ந்த விலங்கினத்திலிருந்து தோன்றியவன் என்று கற்பிப்பது குற்றம். தண்டம் 100 டொலர் முதல் 500 டொலர் வரை. இச்சட்டத்தை நீதிமன்றத்தில் சோதிக்க விரும்பும் ஆசிரியர் எவராயினும் அவருக்கு உதவுவோம் என்று அமெரிக்கக் குடியுரிமைச் சங்கம் அறிவித்தது. அவ்வறிவித்தல் சட்டனூகாப் பத்திரிகையில் வெளிவந்தது. அதனைக் கண்டவர் ஜோர்ஜ் ரப்லியே என்பவர். வீழ்ந்த கம்பனியின் எச்சமாயிருந்த சுரங்க நிறுவனத்தின் முகாமையாளர் அவரே என்பதைக் கவனித்தல் வேண்டும். ரொபின்சனின் மருந்துக்கடையில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினர். வழக்கு இங்கே நடந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் பணம் வரும். ஊரின் பெயர் நாடெங்கும் பரவும். புதிய முதலீடு வந்தாலும் வரலாம். இதுவே எண்ணம். சட்டத்தை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அந்த மேசையில் ஒன்றாகவே அமர்ந்திருந்தனர்.

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் யாவர் எனப் பார்த்தால் சிறிய ஊர்களின் இயல்பு விளங்கும். கடைக்காரரான ரொபின்சனே பாடசாலைச் சபையின் தலைவர். ஹன்டர் என்பவர் எழுதிய உயிரியல் நூலை மாநிலம் அங்கீகரித்திருந்தது. அதில் கூர்ப்புக் கொள்கை விளக்கப்பட்டிருந்தது. அந்நூல் விற்கப்பட்டது ரொபின்சனின் கடையிலேதான். சட்டம் தடுத்த பாடத்தை மாநிலமே அங்கீகரித்த நூலில் வைத்து, பாடசாலைச் சபைத் தலைவரே விற்றுக்கொண்டிருந்தார்! அந்நூலை விஞ்ஞானத்தின் தூய உருவென்று கொள்ளவும் இயலாது. மனித இனங்களை உயர்வு தாழ்வாக அடுக்கி வைக்கும் பகுதிகளும் அதில் உண்டு.

பாடசாலையில் உயிரியல் கற்பித்தவர் அதிபர். அவர் இவ்வழக்கில் சிக்க விரும்பவில்லை. மனைவி மக்களும் பதவியும் உள்ள ஓர் அதிபரின் தயக்கத்தை, அதே நாற்காலியில் அமர்ந்திருக்கும் நான் நன்கு உணர்கிறேன். ஆதலால் ஜோன் ஸ்கோப்ஸ் என்னும் 24 வயது இளைஞரைத் தேடினர். அவர் உதைபந்தாட்டப் பயிற்றுநர். கணிதமும் பொது விஞ்ஞானமும் கற்பித்தவர். அதிபர் நோயுற்றபோது சில நாள் அவர் இடத்தில் உயிரியல் வகுப்பைப் பார்த்தவர். மணமாகாதவர், வேற்றூரவர். டென்னிஸ் விளையாடிக்கொண்டிருந்தவரை அழைத்து வந்து கேட்டனர், அவரும் இசைந்தார். குறிப்பிட்ட அந்தப் பாடத்தைத் தாம் உண்மையில் நடத்தினோமா என்பது பின்னாளில் அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை. அவர்மீது வழக்குத் தொடர முன்வந்த வழக்கறிஞர்களுள் ஒருவர் அவருடைய நண்பர். சட்டனூகா இந்த வழக்கைத் தனக்கெடுத்துக்கொள்ள முயன்றபோது, டேட்டன் விட்டுக்கொடுக்கவில்லை. மே மாதத்திலேயே விசேட யூரி சபையைக் கூட்டிக் குற்றப்பத்திரத்தை உறுதிசெய்துகொண்டது. பிறகு 'டேட்டன் ஏன்?' என்று வினவும் தலைப்போடு ஒரு பிரசுரத்தையும் ஊரார் அச்சிட்டு விற்றனர்.

வழக்கு 1925 யூலை 10ஆந் திகதி தொடங்கிற்று. அரசு தரப்பில் வில்லியம் ஜெனிங்ஸ் பிரையன் வந்தார். மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றவர், நாவன்மையிற் சிறந்தவர். எதிர்த்தரப்பில் கிளாரன்ஸ் டாரோ. நாடறிந்த குற்றவியல் வழக்கறிஞர். நூற்றுக்கு மேற்பட்ட பத்திரிகையாளர் வந்து குவிந்தனர். சிக்காகோவிலிருந்து ஒரு வானொலி நிலையம் தன் ஒலிவாங்கிகளை நீதிமன்றத்திலே நிறுவிற்று. அமெரிக்க வரலாற்றில் ஒரு வழக்கு விசாரணை நேரடியாக வானொலியில் ஒலித்தது இதுவே முதற்றடவை. ஒலிவாங்கிக்கு ஏற்ற வகையில் நீதிமன்ற மண்டபத்தின் ஒழுங்கையே மாற்றியமைத்தனர். வெளியே சிம்பன்சிக் குரங்குகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பிரசங்கிகளும் பானம் விற்போரும் வீதியை நிறைத்தனர்.

இத்தனை ஆரவாரத்தின் நடுவே ஊரவர் எவ்வாறு நடந்துகொண்டனர்? இதுவே நாம் கேட்க வேண்டிய வினா. பலர் கேட்காத வினா. பிரையனுக்கு விருந்து வைத்த ஊர்ச் சங்கத்தினர் டாரோவுக்கும் விருந்து வைத்தனர். தம் கொள்கைக்கு இத்துணை மாறான மக்கள் நடுவில் தாம் என்றுமே இருந்ததில்லை என்றும், எனினும் இங்கே ஒருவரும் தம்மிடம் சிறிதும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை என்றும் டாரோ நீதிமன்றத்திலேயே கூறினார். பால்ற்றிமோர்ப் பத்திரிகைக்கு எழுதிய மெங்கனும் முதலில் ஊரின் அழகைப் பாராட்டியே எழுதினார். ஆனால் நாட்கள் செல்லச் செல்ல அவருடைய பேனா நஞ்சு கக்கிற்று. ஊரவரை அறிவிலிகள் என்று ஏசினார். முக்கியமான நாளுக்கு முன்னரே அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டும் விட்டார்.

அந்த நாள் யூலை 20. மேல்மாடியிலிருந்த மண்டபத்தின் தளம் கூட்டத்தின் பாரத்தைத் தாங்குமோ என்ற ஐயத்தாலும், வெப்பத்தாலும், நீதிபதி விசாரணையைப் புற்றரைக்கு மாற்றினார். மரநிழலிலே டாரோ பிரையனையே சாட்சியாக அழைத்து வேதாகமம் பற்றிக் கேள்வி தொடுத்தார். நாடெங்கும் பேசப்பட்ட இவ்விசாரணையை யூரிமார் கேட்கவில்லை. அவர்கள் வழக்கின் பெரும்பகுதியில் வெளியே அனுப்பப்பட்டிருந்தனர். பெரும்பாலும் உழவர்களான அந்தப் பன்னிருவரும், தம் ஊர் உலகப் புகழ் பெற்றுக்கொண்டிருந்த வேளையிலே, அது எவ்வாறு என்பதை மற்றவர் வாயிலாகவே அறிந்தனர். மறுநாள், மேன்முறையீட்டுக்கு வழி செய்யும்பொருட்டுக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்குமாறு டாரோவே அவர்களைக் கேட்டுக்கொண்டார். ஒன்பது நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. 100 டொலர் தண்டம். அதனை நீதிபதி விதித்தது முறையன்று, யூரிமாரே விதித்திருக்க வேண்டும் என்ற காரணத்தைக் காட்டி, 1927இல் மாநில உயர்நீதிமன்றம் தீர்ப்பை நீக்கிற்று. சட்டத்தை மட்டும் செல்லுபடியாகவே வைத்தது. தீர்ப்புக்கு ஐந்து நாளின் பின், டேட்டனிலேயே, ஞாயிற்றுக்கிழமை உறக்கத்தில் பிரையன் காலமானார். பட்லர் சட்டம் 1967 வரை நீடித்தது.

எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, முதலீடும் வரவில்லை. பெயர் மட்டும் பரவிற்று, அதுவும் ஊரார் விரும்பிய வண்ணமன்று. ஸ்கோப்ஸ் சட்டத்துக்கு அமைய நடப்பதானால் அவரை மீண்டும் பணியில் அமர்த்தப் பாடசாலைச் சபை ஆயத்தமாயிருந்தது என்பதை எத்தனை பேர் அறிவர்? அவரோ சிக்காகோ சென்று புவிச்சரிதவியல் கற்றார். 1955இல் மேடையேறிய ஒரு நாடகம் அவ்வழக்கைக் கருவாகக் கொண்டு, வேறு பெயருள்ள கற்பனை ஊரையும் வெறிகொண்ட ஊராரையும் படைத்தது. உண்மையில் ஸ்கோப்ஸைச் சிறையிலிட்டவரும் இல்லை, அவர்மேல் கூட்டமாகப் பாய்ந்தவரும் இல்லை. ஆயினும் அந்நாடகமே பலருக்கு வரலாறாயிற்று. அது திரைப்படமாகி 1960இல் டேட்டனிலும் திரையிடப்பட்டபோது, ஸ்கோப்ஸ் அழைக்கப்பட்டு வந்தார். ஊரார் அவருக்கு நகரின் திறப்பை அளித்துக் கௌரவித்தனர்.

பிரையனின் நினைவாக ஒரு கல்லூரி 1930இல் அங்கே தொடங்கிற்று. அதன் முதல் வகுப்புக்கள் ஸ்கோப்ஸ் கற்பித்த பழைய பாடசாலைக் கட்டடத்திலேயே நடைபெற்றன. டெனசி ஆற்றிலே 1940இல் முடிவுற்ற சிக்கமோகா அணை, ஊரின் அருகே ஓர் ஏரியை உண்டாக்கிற்று. 1947 முதல் ஸ்ட்ரோபரி விழா நடைபெறுகிறது. பின்னர் பெரிய தளபாடத் தொழிற்சாலையொன்று அமைந்தது. இன்று ஊரின் மக்கள்தொகை 7,000 அளவில் உள்ளது. 1925இல் மருந்துக்கடை மேசையில் வேண்டியதை ஏரியும் தொழிற்சாலையும் மெல்லக் கொண்டுவந்தன, வழக்குக் கொண்டுவரவில்லை.

1988 முதல் யூலை மாதங்களில் அந்த வழக்கை நாடகமாக்கி, அதே நீதிமன்ற மண்டபத்தில் ஊரவரே நடித்துவருகின்றனர். கீழ்த்தளத்தில் ஒரு சிறு நூதனசாலை உண்டு. நீதிமன்றப் புற்றரையிலே பிரையனின் சிலை 2005இல் நிறுவப்பட்டது. டாரோவின் சிலை 2017இல், சிலருடைய எதிர்ப்புக்கிடையே, அதே புற்றரையில் இடம்பெற்றது. காணி உறுதி பதியவும் வரி செலுத்தவும் ரே கவுண்டி மக்கள் இன்றும் டேட்டனுக்கே வருகின்றனர்.