கர்ப்பகாலப் பூச்சி மருந்தும் சான்றின் வலுவும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து

ஒரு மருத்துவ ஆய்வை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது, அதனிடம் எந்த வினாவைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரே ஆய்வு ஒரு வினாவுக்கு உறுதியான விடையும் இன்னொன்றுக்கு நலிந்த விடையும் தரக்கூடும். இலங்கையில் கர்ப்பிணிகளுக்கு மெபெண்டசோல் என்ற பூச்சி மருந்தைக் கொடுப்பது பற்றிய சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் இது விளங்கும்.

மடுல்சீமை போன்ற ஊவாத் தோட்டங்களில் இந்த வினாவுக்குத் தனி அவசரம் உண்டு. கொளுக்கிப்புழுவின் குடம்பிகள் ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகின்றன. வளர்ந்த புழு சிறுகுடலில் பற்றிக்கொண்டு இரத்தம் உறிஞ்சுகிறது. நெக்கேட்டர் இனக் கொளுக்கிப்புழு ஒன்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மி.லி. இரத்தம் போகும், நூறு புழுக்கள் இருந்தால் 3 மி.லி. நல்ல மலசலகூடம் இல்லாத லயத்தில் வாழ்ந்து, கர்ப்பத்தோடு கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இது சிறிய இழப்பன்று.

தோட்டத்துறையிலேயே நடந்த ஆய்வு ஒன்று 1994இல் வெளியானது. அத்துக்கோரளையும் பிறரும் 195 கர்ப்பிணிகளை ஆராய்ந்து, இரும்பு–ஃபோலேட் குளிசையோடு பூச்சி மருந்தும் சேர்ந்தபோது ஹீமோகுளோபின் நிலை கூடுதலாக மேம்பட்டது என்று கண்டனர். அதே மக்கள், அதே வாழ்க்கைச் சூழல் என்பது இதன் பெரும்பலம். ஆனால் 195 பேர் சிறிய தொகை. ஹீமோகுளோபின் ஓர் இடைநிலை அளவுதான். பிள்ளை உயிரோடும் நல்ல எடையோடும் பிறந்ததா என்பதை அது நேரடியாகச் சொல்லாது.

நிலாந்தி டி சில்வாவும் பிறரும் 1999இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு மிகப் பெரியது. மெபெண்டசோல் எடுத்த 5,275 தாய்மாரும் எடுக்காத 1,737 தாய்மாரும் ஒப்பிடப்பட்டனர். பெரிய பிறவிக் குறைபாடுகள் முறையே 1.8, 1.5 சதவீதம், இந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியதே. குழந்தை செத்துப் பிறத்தலும் பிறப்பையொட்டிய இறப்பும் சேர்த்து 1.9, 3.3 சதவீதம். 1,500 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்தவை 1.1, 2.3 சதவீதம்.

இந்த எண்களுக்கெல்லாம் ஒரே மதிப்புக் கொடுக்கக் கூடாது. பிறவிக் குறைபாடு அரிதானது. அதைக் கண்டறியப் பல்லாயிரம் பேர் தேவை. எனவே பாதுகாப்பு என்ற வினாவுக்கு இத்தகைய அவதானிப்பு ஆய்வே பெரும்பாலும் கிடைக்கக்கூடிய நல்ல சான்று. இறப்புக் குறைவு வேறு கதை. யார் மருந்தை எடுப்பது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யவில்லை. கிளினிக்குக்கு நேரத்தோடு வந்து, மருத்துவமாதின் சொற்படி நடந்த பெண்ணே மருந்து பெற்றிருப்பாள். அவளுக்கு வேறு அனுகூலங்களும் இருந்திருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு: கர்ப்பம் வெகு சீக்கிரம் முடிந்துவிட்டால் மருந்து எடுக்கும் வாய்ப்பே குறைந்துவிடும். அவ்வாறு முந்திப் பிறந்த மிகச் சிறிய குழந்தைகள் ‘எடுக்காதோர்’ கணக்கில் கூடுதலாக விழும். இறப்பு ஏறக்குறைய பாதியானதில் மருந்தின் பங்கு எவ்வளவு என்பதை இந்த ஆய்வால் பிரித்துக் காட்ட முடியாது.

இதே ஆய்வில், முதல் மூன்று மாதங்களில் மருத்துவ ஆலோசனைக்கு மாறாக மருந்தெடுத்த 407 பெண்களின் எண்கள் இன்னும் கவனமாக வாசிக்கப்பட வேண்டியவை. அவர்களில் 10 பேரின் குழந்தைகளுக்குப் பெரிய குறைபாடு இருந்தது (2.5 சதவீதம்). மருந்து எடுக்காதோரோடு ஒப்பீட்டு விகிதம் 1.66, அதன் நம்பக இடைவெளி 0.81 முதல் 3.56 வரை. புள்ளியியல் முறையில் ‘வேறுபாடு உறுதியாகவில்லை’ என்பதை ‘ஆபத்து இல்லை’ என்று வாசிப்பது கடுமையான பிழை. மூன்று மடங்குக்கு மேற்பட்ட ஆபத்தும் அந்த இடைவெளிக்குள் அடங்கியிருக்கிறது.

குலுக்கல் முறைச் சோதனைகள் நன்மையைப் பற்றிய எதிர்பார்ப்பை அடக்குகின்றன. பெருவில் 1,042 பெண்களிடம் நடந்து 2006இல் வெளியான சோதனையில், இரும்புச்சத்தோடு மெபெண்டசோல் சேர்த்ததால் குழந்தைகளின் சராசரி எடை கூடவில்லை. உகண்டாவின் எண்டெபேயில் 2,507 பெண்களிடம் நடந்த அல்பெண்டசோல் சோதனையிலும் பிறப்பு எடையில் பயன் தெரியவில்லை. ஆய்வு வடிவத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்துபவர் இத்தோடு விவகாரத்தை முடித்துவிடுவார். சான்றின் தரத்தை மதிப்பிட 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கிரேட்’ முறை அப்படிச் செய்வதில்லை. குலுக்கல் சோதனையை அது உயர் நிலையில் வைத்தே தொடங்கினாலும், பக்கச்சார்பு, முடிவுகளின் முரண், துல்லியமின்மை, வெளியீட்டுச் சார்பு ஆகியவற்றோடு, ஆய்வுக்குட்பட்டோர் நம் நோயாளியிலிருந்து வேறுபட்டவர்களா என்பதையும் பார்த்து மதிப்பைக் குறைக்கிறது. புழுச்சுமை, உணவு, இரும்புக் குளிசை ஒழுங்காகக் கிடைப்பது ஆகியவை மாறும்போது மருந்தின் பயனும் மாறும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2017 வழிகாட்டல் இதையே எல்லைகளாக வகுத்தது: கர்ப்பிணிகளிடையே கொளுக்கிப்புழு அல்லது சாட்டைப்புழுத் தொற்று 20 சதவீதத்துக்குக் குறையாமலும், இரத்தச்சோகை 40 சதவீதத்துக்குக் குறையாமலும் உள்ள இடங்களில், முதல் மூன்று மாதங்களுக்குப் பின் எல்லாருக்கும் மருந்து. இலங்கைப் பாடசாலைச் சிறுவர்களிடம் 2017இல் நடந்த தேசிய அளவாய்வில் மண்வழிப் புழுத்தொற்று மொத்தத்தில் 0.97 சதவீதமாகவும் தோட்டத்துறையில் 9.02 சதவீதமாகவும் இருந்தது. நாட்டுச் சராசரியை மட்டும் வாசித்தால் தோட்டத்துப் பிள்ளைகள் கணக்கில் மறைந்துபோவார்கள். ஆயினும் சிறுவர் எண்ணைத் தாய்மாருக்கு அப்படியே பொருத்துவதும் சரியாகாது; கொளுக்கிப்புழு பெரியவர்களிடமே கூடுதலாகத் தங்குவது.

ஆகவே மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து ஐந்தாம் மாதத்தில், வெளிறிய கண்ணிமையோடு கிளினிக்குக்கு வரும் பெண்ணுக்கு இரும்புக் குளிசையோடு மெபெண்டசோலும் கொடுப்பது நியாயமான முடிவு: பாதுகாப்புச் சான்று ஓரளவு உறுதியானது, இரத்தச்சோகைக்கான பயன் மிதமானது, குழந்தையின் உயிரைக் காக்கும் என்ற வாக்குறுதிக்குச் சான்று போதாது. இரண்டாம் மாதத்தில் வருபவருக்கு மருந்தைத் தள்ளிவைக்க வேண்டும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கட்டாயமாகக் கொடுப்பதா என்பதைத் தோட்டத்துத் தாய்மாரிடமே மலப் பரிசோதனையும் ஹீமோகுளோபின் அளவீடும் செய்து தீர்மானிக்க வேண்டும்.