பண்டிகை விருந்தும் அயலுறவும்: ஊவாத் தோட்டப்புறம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் வரலாற்றைச் சட்டங்களிலும் அரச ஏடுகளிலும் தேடுவது மரபு. இரு சமூகங்கள் ஒன்றையொன்று எவ்வாறு அறிந்துகொண்டன என ஆராய்வோர் அவற்றின் அடுக்களைகளையும் நோக்குதல் வேண்டும். பண்டாரவளையைச் சூழ்ந்த சிங்களக் கிராமங்களுக்கும் தமிழர் வாழும் தேயிலைத் தோட்டங்களுக்கும் இடையே பண்டிகை நாள்களில் நிகழ்ந்துவரும் உணவுப் பரிமாற்றம் அவ்வாறு ஆராயத்தக்கதொன்றாகும்.

இவ்விரு சாராரும் அயலவரானமை அவர்தம் விருப்பத்தால் நிகழ்ந்ததன்று. 1818ஆம் ஆண்டு ஊவாக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது இப்பகுதிக் கிராமங்கள் பேரழிவுக்குள்ளாயின. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமையை நிறுவ இயலாத காட்டையும் தரிசையும் அரசுடைமையாக்கப் பெருந்தோட்டங்களுக்கு வழி பிறந்தது. முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பரவின. தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொணரப்பட்டனர். 1894இற் பண்டாரவளைக்குப் புகையிரதம் வந்தது. நிலமிழந்த கிராமத்தவன் தோட்டத்தை அந்நியமாகக் கண்டான். தொழிலாளியோ லயக் காம்பராக்களில் முடங்கினான். தோட்டம் தனியார் உடைமையாதலின் வெளியார் அங்கு நுழைவதும் தோட்ட நிருவாகத்தின் விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று.

எனினும் சந்தைக்கு இவ்வேலி தடையாகவில்லை. காய்கறியும் வெற்றிலையும் கித்துள் கருப்பட்டியும் கிராமத்திலிருந்து தோட்டத்துக்குச் சென்றன. பண்டம் விற்றவர் பழகியவராயினர். பழகியவர் பண்டிகைக்கு அழைக்கப்பட்டனர்.

இரு சாராரின் பண்டிகை மரபுகளும் பெரிதும் ஒத்தவை. சூரியன் மேட இராசியிற் புகும் சித்திரைப் புத்தாண்டு இருவருக்கும் பொது. தைப்பொங்கலன்று தமிழர் புதுப்பானையிற் பால் பொங்கி வழிவதை மங்கலமாகக் கொள்வர். சிங்களவர் புத்தாண்டு நன்முகூர்த்தத்தில் அடுப்பேற்றிப் பாலைப் பொங்கவிடுவர். பால் சேரும் பொங்கற் சோற்றுக்கு நிகராகத் தேங்காய்ப்பாலில் வெந்த ‘கிரிபத்’ அங்கு படைக்கப்படும். தமிழரின் கைவிசேடத்துக்கு ஒப்பானது சிங்களவரின் ‘கனுதெனு’. தீபாவளிக்குத் தோட்டத்தார் சுடும் அதிரசம், சிங்களவரிடையே ‘அதிரச’ என்ற பெயராலேயே வழங்குகின்றது. அரிசிமாவும் இனிப்புப் பாகும் சேர்ந்து எண்ணெயில் வேகும் ‘கவும்’ பணியாரமும் அதற்கு நெருங்கிய உறவினதே.

பரிமாற்றத்திற் சோற்றினும் பலகாரமே முந்தி நின்றமைக்குக் காரணமுண்டு. கண்டி இராச்சியத்திற் பல்லாண்டு சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில், உயர்ந்த சாதியார் தாழ்ந்தோருடன் உண்ணாமையைக் குறித்துள்ளார். தமிழரிடையேயும் இக்கட்டுப்பாடு வலிதாயிருந்தது. உடனிருந்து உண்பது ஒப்புமையை ஏற்பதாகும். பலகாரமோ பல நாள் கெடாது, புலால் கலவாதது, தட்டில் வைத்து மூடி அனுப்பத்தக்கது. ஒரே பந்தியில் அமரத் தயங்கியோரும் அதனைத் தயக்கமின்றி ஏற்கலாம். வாயிலில் வாங்கிய தட்டு காலப்போக்கில் வீட்டினுள் இடப்பட்ட இலைக்கு வழிகோலியது எனலாம்.

வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்புதல் இரு மரபிலும் தகாது. ஈண்டுதான் இவ்வுறவின் குறைபாடு புலப்படுகின்றது. விருந்தினனாகச் சென்றவன் தானும் ஒருநாள் விருந்தளிப்பவனாதல் வேண்டும்; அதற்குத் தனக்கெனக் கூரையும் நாடும் தேவை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. அடுத்த பண்டிகைக்கு எந்நாட்டில் இருப்போம் என்றறியாதார் அயலவருக்குத் தட்டு நிரப்பினர். அவர்களுட் பலர் பின்னர்த் திரும்பி வரவில்லை.

1983 யூலையில் பதுளை, பண்டாரவளை முதலிய நகரங்களில் தமிழர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. தமக்கு அறிமுகமான தமிழரைத் தம் இல்லங்களில் மறைத்துக் காத்த சிங்களக் குடும்பங்களும் அவ்வேளை நாடெங்கும் இருந்தன. 2000 ஒக்டோபர் 25ஆம் நாள், தீபாவளிக்கு முன்னாள், பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவப் புனர்வாழ்வு முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர் கும்பலொன்றாற் கொல்லப்பட்டனர். அவ்விளைஞர் இம்மண்ணுக்குப் புதியவர். அயலில் எந்த அடுக்களையும் அவர்களை அறியாது. அறிமுகம் உள்ள இடத்திற் சிலர் காக்கப்பட்டதையும் அறிமுகமற்ற இடத்தில் எவரும் காவாததையும் இவ்விரு நிகழ்ச்சிகளும் அருகருகே காட்டுகின்றன. ஆயின் ஒருவனது உயிர் அயலவனின் அறிமுகத்தை நம்பியிருத்தல் ஆகாது. அதனைக் காப்பது அரசின் கடமை.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. லயங்களில் வாழும் பலருக்குக் காணியும் தனிவீடும் இன்னும் எட்டவில்லை. சட்டம் பிரித்த காலத்திலும் பலகாரத் தட்டு வேலியைக் கடந்தது என்பது ஊவா மக்களின் பெருமை. அத்தட்டைச் சமமானவனாக நின்று நிரப்பித் திருப்பும் நிலையை ஒவ்வொரு தோட்டத் தொழிலாளிக்கும் அளிப்பது, அப்பெருமைக்கு நாடு செலுத்தவேண்டிய கடனாகும்.