யூத வெறுப்பு: ஒரு வரைவிலக்கணத்தின் கதை

மேற்கு நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பலஸ்தீனத்துக்காகப் பேசுவோர் மீது ‘யூத வெறுப்பாளர்’ என்ற முத்திரை குத்தப்படும் செய்திகளை அடிக்கடி வாசிக்கிறோம். “எல்லாம் யூதச் சதி” என்று சொல்லிவிட்டு நம்மட ஆக்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார்கள். வரலாறு அவ்வளவு லேசானதல்ல.

2000இல் இரண்டாவது இன்திபாதா வெடித்தபின் ஐரோப்பாவில் யூதர்களும் அவர்களது ஆலயங்களும் தாக்கப்படுவது அதிகரித்தது. எதை யூத வெறுப்பு என்று பதிவது என்பதற்கு நாடுகளிடையே பொது அளவுகோல் இருக்கவில்லை. அதற்காக 2005இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்பு நிலையம் ஒரு வரைவிலக்கணத்தை வெளியிட்டது. அதை எழுதியதில் முன்னின்றவர் கென்னத் ஸ்டேர்ன் என்ற அமெரிக்க யூதச் சட்டத்தரணி. 2016இல் சர்வதேச ஹோலோகோஸ்ட் நினைவுகூரல் கூட்டமைப்பு அதைத் தழுவி ஏற்றுக்கொண்டது. அதிலுள்ள 11 உதாரணங்களில் 7 இஸ்ரேல் சம்பந்தப்பட்டவை.

கணக்கெடுக்க வந்த கோல் பேச்சை அளக்கத் தொடங்கியது. பிரித்தானிய அரசு அதை 2016 டிசம்பரில் ஏற்றது. சில மாதங்களுக்குள் மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகம் அதைக் காட்டிப் பலஸ்தீனம் பற்றிய கூட்டமொன்றை நிறுத்தியது. 2019 டிசம்பரில் ஜனாதிபதி ட்ரம்ப், அரச நிதி பெறும் நிறுவனங்கள் மீதான பாகுபாட்டு முறைப்பாடுகளை ஆராயும்போது அதைக் கருத்திற்கொள்ளும்படி உத்தரவிட்டார். காசு போய்விடும் என்று பயந்தால், நிர்வாகம் மாணவனின் வாயை அடைக்கத்தானே பார்க்கும்?

இதை முன்கூட்டியே எச்சரித்தவர் அந்த ஸ்டேர்ன்தான். அவர் சியோனிஸத்தை ஏற்பவர். ஆனாலும் 2017 நவம்பரில் அமெரிக்க காங்கிரஸ் குழுவின் முன் சென்று, கம்பஸில் பேச்சைக் கட்டுப்படுத்த இதைச் சட்டமாக்க வேண்டாம் என்றார். 2021இல் யூத அறிஞர் பலர் உட்பட ஆய்வாளர்கள் ஜெரூசலம் பிரகடனத்தை வெளியிட்டார்கள். இஸ்ரேலை விமர்சிப்பதும் பகிஷ்கரிப்பதும் தம்மளவில் யூத வெறுப்பல்ல என்றது அது.

உத்தரவிட்டவர் யூதரல்லர், எதிர்த்து நின்றவர் யூதர். அப்படியானால் “யூதச் சதி” எங்கே? அந்தச் சொல் நம் வாயிலிருந்து வரும்போது, முத்திரை குத்துபவர்களுக்கு நாமே மை எடுத்துக் கொடுக்கிறோம். அதைவிடப் பெரியது, அது அநியாயம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு, சிலர் செய்ததற்கு முழுச் சமூகமும் பதில் சொல்லித் திரிந்ததை நாம் மறந்துவிட்டோமா? ஓர் அரசின் அநியாயத்தைப் பெயர் சொல்லிக் கண்டிப்போம். பழியை ஓர் இனத்தின் தலையில் ஏற்றாதிருப்போம். பலஸ்தீனத்துக்காகப் பேசும் நாவுக்கு அந்த நிதானம் அவசியம்.