ஹெல்மட் வந்த வரலாறு

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் ஸ்கூட்டி வைத்திருக்கும் வாப்பாமாரும் உம்மாமாரும் பொறுமையாக வாசியுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளையை அண்மையில் அடக்கிவிட்டு வந்தோம். ஏஎல் முடித்துவிட்டு திருகோணமலைக்குப் படிக்கப் போய் வந்துகொண்டிருந்தவர். வளைவில் கிடந்த மணலில் ஸ்கூட்டி சறுக்கியிருக்கிறது. கை கால்களில் சிராய்ப்பு மட்டும்தான், அடி முழுக்கத் தலையில். ஹெல்மட் ஸ்கூட்டியின் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். மையவாடியில் மண் போட்டு முடிந்ததும் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "அவர்ட அஜல் அவ்வளவுதான் சேர்" என்றார்.

அஜலை நானும் நம்புகிறவன்தான். அது வாதாடும் இடமும் இல்லை. ஆனால் வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் வேறொரு மரணம் நினைவுக்கு வந்தது.

1935 மே 13. இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் ஒரு மனிதர் மோட்டார் சைக்கிளில் வேகமாக வருகிறார். எதிர்பாராமல் இரண்டு பையன்கள் சைக்கிளில் முன்னால் தெரிய, அவர்களைத் தவிர்க்கத் திருப்பித் தூக்கி வீசப்படுகிறார். தலையில் ஒன்றும் இல்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து 46 வயதில் இறந்துபோனார். அவர்தான் 'அரேபியாவின் லோரன்ஸ்'. முதலாம் உலகப் போரில் உஸ்மானியருக்கு எதிராக அரபுகளோடு நின்ற அதே ஆள். அவரைப் பற்றி நமக்குப் பல கருத்து இருக்கலாம், அது வேறு பதிவுக்கு உரியது.

அவரைப் பார்க்க வந்த வைத்தியர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ், அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் பக்கத்தில் வளர்ந்த மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அவர் அதோடு விடவில்லை, எண்ணத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் வந்தது. விளக்கணைத்த இருட்டு வீதிகளில் இராணுவச் செய்தி கொண்டு ஓடியவர்களும் பொதுமக்களும் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். போரின் முதல் 21 மாதங்களில் பிரித்தானியாவில் மோட்டார் சைக்கிளில் போன 2279 பேர் வீதியில் இறந்ததாக 1941இல் கெய்ர்ன்ஸ் எழுதினார். ஹெல்மட் போட்டிருந்து விபத்தில் சிக்கியவர்களாக அவருக்குக் கிடைத்தவர்கள் ஏழே பேர். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். அந்த வருட நவம்பரிலேயே இராணுவம் தன் ஓட்டுநர்களுக்கு ஹெல்மட்டைக் கட்டாயமாக்கியது.

ஹெல்மட் அப்போது புதிய பொருளும் இல்லை. 1914இலேயே ஐல் ஒஃப் மேன் பந்தயத்தில் ஓடியவர்கள் கட்டாயம் அணிந்தார்கள். கென்வஸ் துணியில் அரக்கு ஏற்றிச் செய்தது. பந்தயக்காரனுக்குக் கிடைத்த பாதுகாப்பு வீதியில் போகிறவனுக்கு வரத்தான் காலம் எடுத்தது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1961இல் சட்டம் போட்டது. பிரித்தானியாவில் பொதுமக்களுக்கு 1973இல்தான் வந்தது. கெய்ர்ன்ஸ் 1952இலேயே இறந்துவிட்டார்.

அந்தப் பெரியவருக்குச் சொல்ல இன்னொன்றும் இருந்தது. மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல், நபி (ஸல்) அவர்கள் தலையில் 'மிஃபர்' என்ற இரும்புக் கவசத்தோடுதான் நகருக்குள் நுழைந்தார்கள். உஹதில் அவர்களுடைய தலைக்கவசத்தின் வளையங்கள் கன்னத்தில் குத்தி இறங்கிய சம்பவம் மதரசாப் பிள்ளைக்கும் தெரியும். அஜலைப் பற்றி அவர்களைவிட அறிந்தவர் யார்?

இனி ஸ்கூட்டருக்கு வருவோம். போரில் சிதைந்த இத்தாலியில், 1946இல், பியாஜியோ கம்பனிக்காக வெஸ்பாவை வரைந்த கொராடினோ டஸ்கானியோ ஒரு விமானப் பொறியியலாளர். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. உடுப்பு அழுக்காகிறது, டயர் கழற்றக் கஷ்டம் என்றார். அதனால் இன்ஜினை மூடினார், காலை வைக்கத் தட்டையாகத் தளம் போட்டார். நம் டீச்சர்மாரும் கெம்பஸ் போகும் பிள்ளைகளும் அபாயாவோடு ஓட்ட முடிவது அந்த வரைபடத்தின் புண்ணியம். ஆனால் அதே வரைபடம் சின்னச் சக்கரத்தையும் தந்தது. பெரிய சக்கரம் ஏறிக் கடக்கும் குழியில் சின்னச் சக்கரம் விழுந்து நின்றுவிடும். வீதியோர மணல், காயப்போட்ட நெல், இரவில் படுத்திருக்கும் மாடு, ஹபரணைப் பக்கம் போனால் யானை, இவ்வளவும் இருக்கிற நம் வீதியில் ஸ்கூட்டியை பைக் மாதிரி முறுக்கக் கூடாது என்பது அதனால்தான்.

பின்னால் ஒருபக்கமாக உட்காரும் பெண்பிள்ளைகளின் அபாயா ஓரம் சக்கரத்தில் சுற்றுவதும் நாம் பார்த்ததுதான். பின்சக்கரத்தின் பாதியையாவது மூட வேண்டும் என்று இந்தியாவில் 1989ஆம் ஆண்டு விதிகளிலேயே எழுதிவைத்தார்கள். இங்கே அந்தக் காப்பை அழகுக்கு இடைஞ்சல் என்று கழற்றி வைக்கிறோம்! ஹிஜாபில் குத்திய பின்னோடு ஹெல்மட் போட முடியாது என்கிறார்கள் சில பிள்ளைகள். உண்மைதான், விழுந்தால் அந்தப் பின்னே குத்தும். பின் இல்லாமல் இழுத்துப் போடும் ஹிஜாப் கடையில் இருக்கிறது, ஓடும்போது அதைப் போடலாம்.

முழுமுக ஹெல்மட்டைத் தடை செய்யப் போவதாக 2015இல் பொலிஸ் சொன்னபோது நாடே எதிர்த்தது, வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. நம் ஊரிலும் கதைத்தோம். கதைத்தவர்களில் எத்தனை பேர் தாடைப் பட்டியைப் பூட்டினோம் என்று தெரியாது. பட்டி பூட்டாத ஹெல்மட் தலைக்கு முன்னே பறந்துவிடும். உள்ளே இருக்கும் ரெஜிபோம் நசுங்கித்தான் அடியை வாங்குகிறது. அதனால் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மட்டை மாற்ற வேண்டும், தம்பிக்குக் கொடுக்கக் கூடாது.

நான் ஒரு சீஆர் கொப்பி வாங்கியிருக்கிறேன். கந்தளாய், பேராறு, முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம் வரை நம் பிள்ளைகள் விழுந்த இடம், நேரம், ஹெல்மட் தலையில் இருந்ததா, பட்டி பூட்டியிருந்ததா, இவ்வளவுதான். பெயர் எழுதமாட்டேன். பிழைத்தவர்களையும் எழுத வேண்டும், கெய்ர்ன்ஸுக்கு அந்த ஏழு பேர்தானே வழி காட்டினார்கள். முதல் வரியை மையவாடியிலிருந்து வந்த அன்றிரவு எழுதிவிட்டேன். உங்களுக்குத் தெரிந்ததை இன்பொக்ஸில் அனுப்புங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள் அஸருக்குப் பிறகு என்னைப் பிடிக்கலாம்.