வாக்னர் கோட்டைக்கு அப்பால்: மாசசூசெட்ஸ் 54-ஆம் காலாட்படையின் ஊதிய மறுப்பும் போர்ப்பணியும்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) களம் கண்ட தன்னார்வக் காலாட்படைகளுள் மாசசூசெட்ஸ் 54-ஆம் படையைப் போலப் புகழ்பெற்றவை மிகச் சில. வட மாநிலங்களில் முதன்முதலாகத் திரட்டப்பட்ட கறுப்பினப் படைகளுள் அது ஒன்று. ஆனால் அதன் புகழ் பெரும்பாலும் ஒரே மாலைப்பொழுதைச் சார்ந்து நிற்கிறது: 1863 ஜூலை 18, வாக்னர் கோட்டைத் தாக்குதல். 1897-இல் பாஸ்டனில் திறந்துவைக்கப்பட்ட, சிற்பி செயின்ட்-காடன்ஸின் வெண்கலப் புடைப்புச் சிற்பத்தில் படைத் தளபதி கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா குதிரைமீது நடுநாயகமாக அமர்ந்திருக்கிறார். 1989-இல் வெளிவந்த ‘குளோரி’ திரைப்படம் அவருடைய சாவோடு கதையை முடித்துக்கொள்கிறது. படையோ அதற்குப் பிறகும் இரண்டாண்டுகளுக்கு மேல் பணியில் இருந்தது. இப்படையின் வரலாற்று முக்கியத்துவம் வாக்னர் தாக்குதலைவிட, அதைத் தொடர்ந்த ஊதிய மறுப்பிலும் அம்மறுப்பினூடே தளராமல் நடந்த போர்ப்பணியிலுமே மிகுதியாக உள்ளது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திரட்டலும் வாக்குறுதியும்

1863 ஜனவரி முதல் நாள் அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. அம்மாத இறுதியில் மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ, கறுப்பினப் படை திரட்டப் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனிடம் அனுமதி பெற்றார். அம்மாநிலத்தில் கறுப்பின மக்கள்தொகை குறைவு. ஆகவே வட மாநிலங்கள் முழுவதிலும் ஆள்சேர்ப்பு நடந்தது. அடிமை ஒழிப்புப் போராளி பிரெடரிக் டக்ளஸின் மகன்கள் லூயிஸ், சார்ல்ஸ் இருவரும் சேர்ந்தனர். திரைப்படம் தரும் தோற்றத்துக்கு மாறாக, வீரர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக இருந்து தப்பியவர்கள் அல்லர், சுதந்திரமாகப் பிறந்தவர்கள். உழவர், கூலித் தொழிலாளர், மாலுமி எனப் பல தொழில்கள் பார்த்தவர்கள். பலருக்கு எழுத்தறிவு இருந்தது. அதிகாரிகள் வெள்ளையராகவே நியமிக்கப்பட்டனர். எனினும் ஊதியம் மற்றப் படைகளுக்கு உள்ளதே என்ற உறுதி சேரும்போதே தரப்பட்டது. அந்த உறுதியை நம்பி 1863 மே 28 அன்று அவர்கள் பாஸ்டனிலிருந்து கப்பலேறினர்.

வாக்னர்: தோல்வியும் அதன் பயனும்

ஜூலை 16 அன்று தென் கரோலினாவின் ஜேம்ஸ் தீவில் தென் தரப்பு எதிரியின் திடீர்த் தாக்குதலைத் தடுத்து நிறுத்தி, சூழப்படும் நிலையிலிருந்த கனெக்டிகட் 10-ஆம் படை பின்வாங்க 54-ஆம் படை வழிசெய்தது. போர்முறை நோக்கில் இது தெளிவான வெற்றி. ஆயினும் பொது நினைவில் இதற்கு இடமில்லை.

இரண்டு நாள் கழித்து, சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில் இருந்த வாக்னர் கோட்டையை நோக்கி, கடலுக்கும் சதுப்புக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் சுமார் 600 பேர் முன்னணியில் சென்றனர். கோட்டை மதிலின்மீது ஷா வீழ்ந்தார். கொல்லப்பட்டோர், காயமுற்றோர், பிடிபட்டோர், காணாமற்போனோர் எனப் படை 250-க்கும் மேற்பட்டோரை இழந்தது. தாக்குதல் தோற்றது, செப்டம்பர் தொடக்கத்தில் எதிரிகளே கைவிடும்வரை கோட்டை வீழவில்லை. கறுப்பின வீரர் போரிடுவாரா என்ற ஐயத்துக்கு வாக்னர் விடை தந்தது. ஆனால் போரிட்டவருக்குச் சமநிலை கிட்டுமா என்ற கேள்வியை அது தீர்க்கவில்லை.

ஏழு டாலர்

வெள்ளைப் படைவீரருக்கு மாதம் 13 டாலரும் தனியே உடைப்படியும் உண்டு. 1862 ஜூலைச் சட்டத்தைச் சுட்டி, கறுப்பின வீரருக்கு 10 டாலர் என்றும் அதில் 3 டாலர் உடைக்குப் பிடித்தம் என்றும் போர்த்துறை அறிவித்தது. கைக்கு வருவது 7 டாலர். 54-ஆம் படை அதை வாங்க மறுத்தது. செப்டம்பர் 28 அன்று கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி கூடிங் குடியரசுத் தலைவர் லிங்கனுக்கே எழுதினார்: தாங்கள் படைவீரரா, கூலியாட்களா என்பதே அவர் எழுப்பிய வினா.

நவம்பரில் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் குறையும் தொகையைத் தானே ஈடுசெய்ய முன்வந்தது. வீரர்கள் அதையும் மறுத்தனர். பணமே நோக்கமென்றால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். கூட்டாட்சி அரசு தங்களை எவ்வாறு வகைப்படுத்துகிறது என்பதே அவர்களின் வழக்கு. ஊரில் குடும்பங்கள் வறுமையில் வாடின. ஆயினும் ஏறத்தாழ 18 மாதங்கள் அவர்கள் ஊதியமின்றிப் பணியாற்றினர்.

அப்பணி களத்தில் குறையவில்லை. 1864 பிப்ரவரி 20 அன்று புளோரிடாவின் ஓலஸ்டியில் வட தரப்பின் ஒன்றியப் படை தோற்றபோது, 35-ஆம் கறுப்பினப் படையுடன் சேர்ந்து பின்வாங்கலுக்குக் காவலாக நின்றது 54-ஆம் படை. காயமுற்றோரை ஏற்றிய ரயிலின் இன்ஜின் பழுதானபோது, வீரர்கள் கயிறு கட்டித் தம் கையாலேயே அதை இழுத்துச் சென்றனர். அன்று எதிரியிடம் பிடிபட்ட கூடிங், ஜூலையில் ஆண்டர்சன்வில் சிறையில் இறந்தார். அவர் கேட்ட சம ஊதியம் அவர் கைக்கு வரவே இல்லை.

மறுப்புரைகளும் அவற்றின் எல்லையும்

சம ஊதியச் சட்டத்தை (1864 ஜூன் 15) கொண்டுவந்தவர்கள் அடிமை எதிர்ப்பு அரசியலாளர்களே, வீரர்கள் அல்லர் என்று வாதிடலாம். ஆளுநர் ஆண்ட்ரூவின் விடாமுயற்சி மறுக்கத்தக்கதன்று. ஆனால் மாநில ஈட்டுத்தொகையை வீரர்கள் வாங்கியிருந்தால் அமெரிக்கக் காங்கிரசுக்கு நெருக்கடியே இருந்திராது.

இன்னொரு மறுப்புரை வலுவானது. இதே காரணத்துக்காகப் பணிசெய்ய மறுத்த, தென் கரோலினா 3-ஆம் படையின் சார்ஜென்ட் வில்லியம் வாக்கர், கலகக் குற்றம் சாட்டப்பட்டு 1864 பிப்ரவரி 29 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படையினர் அடிமைத்தளையிலிருந்து அண்மையில் மீண்டவர்கள். 54-ஆம் படைக்கு ஓர் ஆளுநரின் ஆதரவும் எழுதத் தெரிந்த கைகளும் இருந்தன. ஆகவே அதன் வெற்றியை எல்லாக் கறுப்பின வீரரின் அனுபவமாகப் பொதுமைப்படுத்தலாகாது.

சட்டமும் இந்த ஏற்றத்தாழ்வைச் சுமந்தே வந்தது. 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திரமாக இருந்தவர்களுக்கே சேர்ந்த நாள்முதல் முழு ஊதியம். மற்றவர்களுக்கு 1864 ஜனவரி முதலே. 54-ஆம் படையின் கர்னல் எட்வர்ட் ஹாலோவெல் ஓர் உறுதிமொழி வகுத்தார்: அந்நாளில் தன் உழைப்பின்மேல் எவருக்கும் உரிமை இருந்ததில்லை என்று வீரர் சொன்னால் போதும். அடிமைமுறையை அறமாக ஏற்காத எவரும் மனச்சான்றுக்கு மாறின்றி அதைச் சொல்ல முடிந்தது. இலையுதிர்காலத்தில் முழு ஊதியம் வழங்கப்பட்டது.

முடிவுரை

ஊதியத்தில் கிடைத்த சமநிலை பதவியில் தாமதமாகவே வந்தது. சார்ஜென்ட் ஸ்டீபன் ஸ்வெயில்ஸை லெப்டினன்ட்டாக ஆண்ட்ரூ 1864 மார்ச்சில் நியமித்தும், போர்த்துறை 1865 ஜனவரியில்தான் ஏற்றது. தென் தரப்புத் தளபதி லீ சரணடைந்து ஒன்பது நாள் கழித்தும், ஏப்ரல் 18 அன்று, தென் கரோலினாவின் பாய்கின்ஸ் மில்லில் இப்படை போரிட்டது. ஆகஸ்டில் அது கலைக்கப்பட்டது.

படையின் கேப்டன் லூயிஸ் எமிலியோ 1891-இல் எழுதிய வரலாறு இந்நிகழ்வுகள் பலவற்றையும் பதிவுசெய்துள்ளது. சுருங்கியது பின்வந்த பொது நினைவே. வாக்னரில் வீரர்கள் தங்கள் துணிவை மெய்ப்பித்தனர். ஊதியத்தை மறுத்தபடியே ஓலஸ்டியில் நின்றபோது, அத்துணிவுக்குரிய குடியுரிமையைச் சட்டத்திடம் கோரினர். முன்னதை மட்டும் போற்றும் வரலாறு அவர்களைத் தியாகிகளாகக் காண்கிறதே தவிர, தங்கள் அரசோடு வழக்காடி வென்ற குடிமக்களாகக் காண்பதில்லை.