வீட்டுக்கடன் வட்டிக் கூற்றுக்கு உரை

கூற்று: கடன்கொண்ட முதலால் ஒரு சொத்து அடையப்பட்டதாயினும், கட்டப்பட்டதாயினும், செப்பனிடப்பட்டதாயினும், புதுக்கப்பட்டதாயினும், மீளக் கட்டப்பட்டதாயினும், அம்முதற்குச் செலுத்தற்குரிய வட்டி கழிக்கப்படும்.

இஃது 2026 மார்ச் 31 வரை ஈட்டிய வருமானத்திற்குரிய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 24(பி) கூற்றின் பொருள். வீட்டு வருமானத்துள் வட்டி கழியுமாறு உணர்த்துதல் நுதலிற்று.

கடன்கொண்ட முதல் என்பது மீளத் தரக் கடவதாய்ப் பெற்ற பணம். வங்கி என விதந்து ஓதாமையின் உறவினர் தந்ததும் அடங்கும். பழங்கடன் தீர்க்கக் கொண்ட புதுக்கடனுக்கும் இஃது ஒக்கும் என்பது நேரடி வரிகள் வாரியத்தின் 1969ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையாற் பெறப்படும்.

அடையப்பட்டது முதலிய ஐந்தும் வெளிப்படை.

செலுத்தற்குரிய என்பது இக்கூற்றின் உயிர். ‘செலுத்திய’ என்னாது இவ்வாறு ஓதினமையின், ஆண்டிற்குரியதாய் ஏறிய வட்டி, கையினின்று கொடுபடாதவழியும் கழியும். நாகலாபுரத்தான் ஒருவன் கடன்பட்டுப் புத்தூரில் வீடு கட்டி வாடகைக்கு விட்டு, நான்கு மாதத் தவணை தவறினான் என்க. அவன் கட்டிய தவணையை மட்டும் எண்ணிக் கணக்கிடின் தன் உரிமையைத் தானே குறைத்தவனாவான். வங்கி தரும் வட்டிச் சான்றையே நோக்குக.

வட்டி என்றமையான் அசல் இங்குக் கழியாது. வட்டிக்கு வட்டியும் கழியாது. உச்ச நீதிமன்றம் 1973இல் ஷியூ கிஸ்ஸன் பட்டர் வழக்கில் அங்ஙனம் துணிந்தது.

அஃதேல், வீடு முடியுமுன் ஏறிய வட்டி யாதாம் எனின், கட்டி முடிந்த ஆண்டிற்கு முந்தைய ஆண்டுகளின் வட்டி, முடிந்த ஆண்டு தொடங்கி ஐந்து சம கூறாய்க் கழியும். 3,00,000 ரூபாய் ஏறியிருப்பின் ஆண்டுக்கு 60,000. மாந்தர் பெரிதும் மறப்பது இதுவே. வாடகை வரத் தொடங்கிய மகிழ்ச்சியிற் பழைய வட்டியை எவர் நினைப்பர்! முதற்கூறு விடுபட்டமையால் ஏனைய நான்கும் கெடா.

வாடகை வீட்டிற்கு வட்டிக்கு உச்சவரம்பு இல்லை. ஆயின் அதனால் வரும் நட்டத்தைச் சம்பளம் முதலிய பிற வருமானத்தோடு ஈடுசெய்தல், பழைய வரிமுறையில் ஆண்டுக்கு 2 லட்சம் அளவே. எஞ்சியது எட்டு ஆண்டு வீட்டு வருமானத்தில் மட்டும் கழிக்க நிற்கும். புதிய முறையில் அங்ஙனம் ஈடுசெய்தல் தானும் இல்லை.

இனி, விடுபட்டதை மீட்குமாறு. இச்சட்டத்தின் 139(5) பிரிவு திருத்திய கணக்கிற்கு இடந்தரும். 2025 வரை அதன் எல்லை மதிப்பீட்டு ஆண்டின் டிசம்பர் 31, அல்லது மதிப்பீடு முடியும் நாள், இவற்றுள் முந்தியதாயிருந்தது. ‘அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினால் அமையாதோ’ எனின், அமையாது. திருத்திய கணக்கின்றி மதிப்பீட்டு அதிகாரி புதுக்கழிவை ஏலார் என்பது 2006ஆம் ஆண்டுக் கோட்சே இந்தியா வழக்கின் முடிபு. மேன்முறையீட்டு மன்றத்தின் ஆற்றல் அதனாற் குறைபடாது என்பதும் அத்தீர்ப்பிலேயே உண்டு. 139(8ஏ) புதுப்பித்த கணக்கு, வரியைக் குறைக்கவோ திரும்பப் பெறும் தொகையைக் கூட்டவோ உதவாது. பெயர் கண்டு மயங்கற்க.

எல்லை கடந்தார்க்கு 119(2)(பி) பிரிவு உண்டு. உண்மையான இடர்ப்பாடு காட்டித் தாமதம் பொறுக்குமாறு வேண்டலாம். 2024 அக்டோபர் 1ஆம் நாட் சுற்றறிக்கைப்படி மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்தாண்டுக்குள் வேண்டுதல் வேண்டும். அங்ஙனம் காலங்கடந்து திரும்பப் பெறும் தொகைக்கு அரசு வட்டி தாராது.