சேருவிலச் செம்பும் கிழக்கின் தொன்மையும்

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த தொல்பாறைகள் விஜயன் தொகுதியைச் சார்ந்தவை. வடக்கே வெருகலாற்றுக்கு அப்பால், அத்தொகுதி உயர்நிலத் தொகுதியைச் சந்திக்கும் எல்லையிலே சேருவில அமைந்துள்ளது. 1971இல் அங்கு காந்த இரும்புத் தாதுவோடு சல்கோபைரைற்றும் கண்டறியப்பட்டது. செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த இக்கனியம் பித்தளைபோல் மஞ்சளாய் மின்னும். உரைத்தாற் பச்சை தோய்ந்த கருங்கோடு விழும். தூய நிலையில் நூற்றுக்கு 34.6 பங்கு செம்பே. உலகில் மலிந்த இது இலங்கையில் மிக அரிது.

வரலாற்றாய்வில் எழும் வினா வேறு. இலங்கைத் தொல்லகழ்வுகளிற் கிடைத்த செம்புப் பொருள்கள் யாவும் கடல்கடந்து வந்தவை எனக் கொள்ளலாமா? சேருவிலத் தாது பண்டே பயன்பட்டிருக்கலாம் எனத் தொல்லியலாளர் சுதர்சன் செனவிரத்ன வாதித்துள்ளார். வாவிக்கும் சேருவிலவுக்கும் இடையே, கதிரவெளியிற் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உள்ளமை இவ்வாதத்தைக் கவனிக்கத் தூண்டுகின்றது. ஆயினும் அண்மை மட்டும் சான்றாகாது. பொருளின் செம்பையும் தாதுவின் செம்பையும் இரசாயன முறையில் ஒப்புநோக்கியே முடிபு கூறல் தகும்.